நீலத் திரை 48 இலக்கம் கேட்டால்?

கணனியைப் போட்டதும் பாஸ்வேர்ட்டுக்குப் பதிலாக நீலத் திரை வந்து 48 இலக்கங்களைக் கேட்கிறதா? பயப்படாதேங்கோ. இது வைரஸ் அல்ல. விண்டோஸிலுள்ள பிட்லொக்கர் என்ற பூட்டு. கணனி களவுபோனாலும் உங்கள் கோப்புகளை மற்றவர்கள் வாசிக்க முடியாதபடி அது காக்கிறது.

2024இல் வந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசொப்ட் கணக்கால் உள்நுழைந்தால், பெரும்பாலான கணனிகளில் இந்தப் பூட்டு தானாகவே விழுந்துவிடும். பிறகு பயோஸ் அப்டேட் செய்தாலோ, திருத்தும்போது மதர்போர்ட் மாற்றினாலோ, உள்ளேயுள்ள பாதுகாப்புச் சிப் சந்தேகப்பட்டு இலக்கத்தைக் கேட்கலாம்.

எங்கே தேடுவது?

1. ஃபோனில் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கைத் திறந்து, கணனியின் பெயருக்குக் கீழே பாருங்கோ. நீலத் திரையில் உள்ள அடையாளக் குறியின் முதல் 8 எழுத்துகள் அங்குள்ளதோடு ஒத்துப்போக வேண்டும்.

2. வேறொருவர் பாவித்துத் தந்த கணனி என்றால், இலக்கம் அவருடைய கணக்கில் இருக்கக்கூடும். அவரைக் கேளுங்கோ.

3. வேலையிடமோ பள்ளிக்கூடமோ தந்தது என்றால், அங்குள்ள கணனிப் பிரிவைக் கேளுங்கோ.

இலக்கம் கிடைக்காவிட்டால் மைக்ரோசொப்டாலும் திறக்க முடியாது. எல்லாவற்றையும் அழித்த பிறகுதான் கணனியைப் பாவிக்கலாம். அகதி விண்ணப்பத்துக்கு எழுதிய வாக்குமூலம், சான்றுகள், ஊர்ப் படங்கள் எல்லாம் அத்தோடு போய்விடும்.

ஆகவே கணனி ஒழுங்காக வேலைசெய்யும்போதே, இன்றைக்கே, இலக்கத்தைத் தாளில் எழுதி முக்கிய பத்திரங்களோடு வையுங்கோ. கணனிப் பைக்குள் வேண்டாம். ஆவணங்களின் பிரதியை வேறோர் இடத்திலும் சேமியுங்கோ. ஃபோனில் யாராவது இந்த இலக்கத்தைக் கேட்டால் சொல்லாதேங்கோ.