காரில் கைத்துப்பாக்கி: புதிதாக வாங்கியவர்களுக்குச் சில சொற்கள்

டெக்சஸில் வீடு வாங்கிக் குடியேறிய நம் பிள்ளைகள் சிலர் இப்போது கைத்துப்பாக்கியும் வாங்குகிறார்கள். வாங்கலாமா, கூடாதா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. வாங்கிவிட்டீர்கள், காரிலும் எடுத்துப்போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டே பேசுகிறேன். சுடுதளத்தில் குறிபார்க்கக் கற்றுத்தருகிறார்கள். காரில் ஏறியது முதல் இறங்கும்வரை அந்தத் துப்பாக்கியை என்ன செய்வது என்று உட்காரவைத்துச் சொல்பவர்கள் குறைவு. வயதில் மூத்தவன், இந்த ஊர்ச் சாலைகளில் நெடுங்காலம் வண்டி ஓட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

1. முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய அரசின் சட்டம் தடைசெய்கிறது. செல்லத்தக்க வேட்டை உரிமம் பெற்றிருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. அவற்றை நம்பி இறங்குமுன் வழக்கறிஞரைக் கேளுங்கள். 2022-இல் இந்தக் குற்றத்துக்கான உச்சத் தண்டனையை 15 ஆண்டுகளாக உயர்த்தியிருக்கிறார்கள். டெக்சஸில் உரிமமே தேவையில்லை என்று நண்பர்கள் சொல்வது மாநிலச் சட்டம். மத்தியச் சட்டத்தின் தடையை அது நீக்காது. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் கணவருக்கு கிரீன் கார்டு வந்து, மனைவி இன்னும் எச்-4-இல் இருக்கும் வீடுகள் நம்மில் உண்டு. அவர் துப்பாக்கியை கன்சோலில் வைத்துவிட்டு இறங்க, இவர் அதே காரை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கப் போனால், வழியில் ஏதாவது நேர்ந்தால் மாட்டிக்கொள்பவர் இவர்தான்.

2. காருக்குள் துப்பாக்கி இருக்க இரண்டே இடங்கள். ஒன்று, உங்கள் உடம்பில், உறைக்குள். இரண்டு, வண்டியோடு பிணைத்துப் பூட்டிய பெட்டிக்குள். மூன்றாவது இடம் கிடையாது. இருக்கைக்கு அடியில், கதவுப் பையில், காபி டம்ளர் வைக்கும் குழியில், பக்கத்து இருக்கையில் துண்டு போட்டு மூடி என்று ஆளுக்கொரு இடம் சொல்வார்கள். எதையும் கேட்காதீர்கள். 2016 ஏப்ரலில் விஸ்கான்சினின் மில்வாக்கி நகரில் ஓர் இளம் தாய் நெடுஞ்சாலையில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கிடந்த துப்பாக்கி பின்பக்கம் நழுவி வந்தது. பின்னால் இருந்த அவருடைய சின்னஞ்சிறு மகன் அதை எடுத்தான். இருக்கையைத் துளைத்துவந்த தோட்டாவில் தாய் இறந்தார். அந்தக் கார் அவருடையதல்ல, துப்பாக்கியும் அவருடையதல்ல. பிரேக் போட்டால் தண்ணீர் பாட்டில் உருளும் இடமெல்லாம் துப்பாக்கியும் உருளும்.

3. உறை என்றால் விசையை முழுவதும் மூடுகிற, வடிவம் குலையாத உறை. கடினப் பிளாஸ்டிக்கோ நல்ல தடித்த தோலோ எதுவானாலும் சரி. துப்பாக்கியின் மாடலுக்கென்றே செய்ததை வாங்குங்கள். மலிவான துணி உறைகள் நாளடைவில் தொளதொளத்துப்போய், அதன் மடிப்பே விசைக்குள் புகுந்துகொள்ளும். ஸ்டீயரிங் தண்டுக்குக் கீழே ஒட்டிக்கொள்ளும் காந்தங்கள் விற்கிறார்கள். வாங்காதீர்கள். விசை திறந்தபடியே இருக்கும், குழல் உங்கள் முழங்காலையோ தொடையையோ பார்க்கும், மோதல் நடந்தால் துப்பாக்கி எங்கே பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லாத் துப்பாக்கியும் தோட்டா நிரம்பியதே என்று கொள், அழிக்கத் துணியாத எதன்மீதும் குழலைத் திருப்பாதே, குறி சேரும்வரை விசையில் விரல் வைக்காதே, குறியையும் அதன் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொள் என்று ஜெஃப் கூப்பர் வகுத்த 4 விதிகளைச் சுடுதளத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். காருக்குள் அந்த இரண்டாம் விதிதான் மிகக் கடினம். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு மனிதர் இருக்கிறார்.

4. ஆகவே காருக்குள் அதை உறையிலிருந்து உருவாதீர்கள். பெட்டியில் வைக்க நேர்ந்தால் உறையோடு சேர்த்துக் கழற்றி, உறையோடு உள்ளே வையுங்கள். உறையோடு கொள்ளும் அளவுக்குப் பெட்டி வாங்குங்கள். இதைச் செய்யும்போது கார் நின்றிருக்கட்டும், குழல் எஞ்சின் பக்கம் பார்க்கட்டும். போய்ச்சேரும் இடத்தின் பார்க்கிங்கில் இதைச் செய்யாதீர்கள். விளையாட்டரங்கம், ஓட்டல், மால் போன்ற இடங்களில் யார் எதை எடுத்துக் குனிந்து உள்ளே வைக்கிறார்கள் என்று பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் நிற்பார்கள். வீட்டிலேயே பூட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

5. கார் ஒரு பெட்டகம் அல்ல. நான் சொல்வதில் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும். 2015 ஜூலை 1 அன்று சான்பிரான்சிஸ்கோ கடற்கரைத் துறையில் தந்தையோடு நடந்துகொண்டிருந்த ஓர் இளம்பெண் எங்கிருந்தோ வந்த தோட்டாவில் இறந்தார். தரையில் பட்டுத் தெறித்துவந்த தோட்டா அது. அந்தத் துப்பாக்கி மத்திய அரசின் நில நிர்வாகத் துறைக் காவலர் ஒருவருடையது. 4 நாட்களுக்கு முன் நிறுத்தியிருந்த அவருடைய காரிலிருந்து திருடு போயிருந்தது. நாடே அந்த வழக்கைப் பேசியது. சுட்டவர் எந்த நாட்டுக்காரர், அவர் இங்கே எப்படி வந்தார் என்று பேசித் தீர்த்தார்கள். பூட்டாமல் காரில் விட்டதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. ஆனால் கலிஃபோர்னியா சட்டசபை பேசியது. காவலர்களும் ஆளில்லாத காரில் கைத்துப்பாக்கியை டிக்கியிலோ பூட்டிய பெட்டியிலோ வைத்தே ஆகவேண்டும் என்று மறு ஆண்டே சட்டம் இயற்றினார்கள். கொலராடோவில் 2025 ஜனவரி 1 முதல் கடினமான சுவர்கொண்ட பூட்டிய பெட்டி, அது வெளியே தெரியக்கூடாது, காரும் பூட்டியிருக்க வேண்டும் என்று மூன்றையும் கேட்கிறார்கள். டெக்சஸ் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் நீங்கள் கொலராடோக்காரர்போல் நடந்துகொள்ளுங்கள்.

பெட்டி எஃகில் இருக்கட்டும். அதோடு வரும் கம்பிக்கயிற்றை, தரையோடு போல்ட் போட்ட இருக்கைச் சட்டத்தில் சுற்றி மாட்டுங்கள். அப்படிப் பிணைக்காத பெட்டி திருடனுக்குச் சுமக்க வசதி, அவ்வளவுதான். பிணைத்ததையும் பெரிய வெட்டுக்கருவி அறுத்துவிடும். ஒரு கடைக்குள் போய்வரும் நேரத்துக்கு அது காவல், ஓர் இரவுக்கு அல்ல. க்ளோவ் பாக்ஸ் பூட்டு ஒரு ஸ்க்ரூடிரைவருக்குத் தாங்காது. பல கார்களில் கார்ச் சாவியே அதையும் திறக்கும். அதனால் வாலட் பார்க்கிங், ஆயில் மாற்றும் கடை, கார் கழுவும் இடம் என்று சாவியைப் பிறர் கையில் கொடுக்கும் நாளில் துப்பாக்கி காரில் இருக்கவே கூடாது.

6. இரவில் துப்பாக்கி வீட்டுக்குள் வரவேண்டும். உங்கள் வீட்டு வாசல்தானே, நல்ல பகுதிதானே என்று விடாதீர்கள். இரவில் குடியிருப்புத் தெருக்களில் கார்க் கதவுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள். பின் கண்ணாடியில் துப்பாக்கிக் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதை இன்றே உரித்துவிடுங்கள். உள்ளே என்ன இருக்கலாம் என்று ஊருக்கே சொல்லும் பலகை அது.

7. குழந்தைகள். 2003 முதல் 2021 வரை அமெரிக்காவில் 17 வயது வரையிலான 1,262 பேர் கைதவறிய துப்பாக்கிச் சூட்டில் இறந்ததாக நோய்க்கட்டுப்பாட்டு மையம் ஆராய்ந்து வெளியிட்டது. அந்தச் சூடுகளுக்குக் காரணமான துப்பாக்கிகளில் பெரும்பாலானவை தோட்டா நிரப்பி, பூட்டாமல் வைத்திருந்தவை. "எங்கள் பிள்ளை தொடமாட்டான், சொல்லிவைத்திருக்கிறோம்" என்பதை நான் ஏற்கமாட்டேன். சொல்லிவைப்பது நல்லது, ஆனால் சொல்வது பூட்டு ஆகாது. பெட்ரோல் போட இறங்கும் 5 நிமிடத்தில் பின்சீட்டுப் பிள்ளை முன்சீட்டுக்கு வந்துவிடும். கைப்பையில் துப்பாக்கி வைக்கும் பெண்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: பை உங்கள் தோளிலிருந்து இறங்கிய நொடியே துப்பாக்கி உங்கள் கையைவிட்டுப் போய்விட்டது. 2014 டிசம்பரில் ஐடஹோவில் ஒரு பெரிய கடையில் தாயின் கைப்பைக்குள் கைவிட்ட 2 வயதுக் குழந்தையால் தாய் உயிரிழந்தார். அவர் துப்பாக்கி பழகாதவர் அல்ல. டெக்சஸ் சட்டப்படி, அஜாக்கிரதையாக விட்ட, சுடத் தயாரான துப்பாக்கி 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்குக் கிடைத்தால், விட்டவர்மீது குற்றம். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு அழைத்துவரும் வண்டி என்றால் என் யோசனை ஒன்றுதான். அந்த வண்டியில் வேண்டாம்.

8. பள்ளி என்றதும் இன்னொன்று. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச்செல்லலாம் என்பதால் உரிம வகுப்புக்குப் போவதைப் பலர் விட்டுவிட்டார்கள். ஆனால் மத்தியச் சட்டம் பள்ளிகளைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கியைத் தடைசெய்கிறது. தோட்டா இல்லாமல் பூட்டிய பெட்டியில் இருந்தால் விலக்கு. அந்த மாநிலமே கொடுத்த உரிமம் கையில் இருந்தாலும் விலக்கு. உரிமம் இல்லாதவருக்கு அந்த இரண்டாவது விலக்கு இல்லை. ஊருக்குள் 1,000 அடிக்குள் ஒரு பள்ளி வராமல் எப்படி ஓட்டுவீர்கள்? 4 முதல் 6 மணி நேர வகுப்புதான். போய் உரிமம் வாங்கிவிடுங்கள்.

சிவப்பில் 51% என்று பலகை வைத்திருக்கும் மதுக்கூடத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. தபால் துறையின் விதி தன் பார்க்கிங்கையும் சேர்த்தே தடுக்கிறது. அதை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன, நீங்கள் அடுத்த வழக்காக வேண்டாம். குடிக்கப்போகிற விருந்துக்கும், கோயிலுக்கும், பள்ளி விழாவுக்கும் கிளம்பும்போது துப்பாக்கி வீட்டிலேயே இருந்தால் பார்க்கிங்கில் தவிக்க வேண்டியதில்லை. காருக்கென்று தனிப் பை வைத்து அதில் துப்பாக்கி போடுகிறவர்கள் அதே பையோடு விமான நிலையம் போய்விடுகிறார்கள். 2023-இல் மட்டும் விமான நிலையச் சோதனையில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. பத்தில் ஒன்பதுக்கு மேல் தோட்டா நிரம்பியவை.

9. மாநில எல்லை தாண்டுமுன் வழியிலுள்ள ஒவ்வொரு மாநிலத்தின் சட்டத்தையும் படியுங்கள். டெக்சஸ் உரிமத்தை நியூஜெர்சியும் நியூயார்க்கும் கலிஃபோர்னியாவும் மதிப்பதில்லை. 1986-இல் வந்த மத்தியச் சட்டம், புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் நீங்கள் சட்டப்படி வைத்திருக்கவும் எடுத்துச்செல்லவும் முடியும் என்றால் நடுவிலுள்ள மாநிலங்களைக் கடந்துபோக அனுமதிக்கிறது. அதற்குத் துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது, துப்பாக்கியும் தோட்டாவும் இருக்கையிலிருந்து எட்டக் கூடாது. தனி டிக்கி இல்லாத வண்டியென்றால் பூட்டிய பெட்டி வேண்டும். க்ளோவ் பாக்ஸும் கன்சோலும் அந்தக் கணக்கில் சேராது என்று சட்டமே சொல்கிறது. நம்மவர்கள் விரும்பி வாங்கும் ஒடிசி, சியன்னா போன்ற மினிவேன்களுக்குத் தனி டிக்கி கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். 2013-இல் பென்சில்வேனியா உரிமத்தோடு நியூஜெர்சிக்குள் வந்த ஒரு தாய், நிறுத்திய காவலரிடம் தானே உண்மையைச் சொல்லியும் கைதானார். 2015-இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கிய பிறகே அவர் மீண்டார். எல்லாருக்கும் ஆளுநர் வரமாட்டார்.

10. காவலர் நிறுத்தினால், ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். இரவென்றால் உள்விளக்கைப் போடுங்கள். இரு கையும் ஸ்டீயரிங் மேல், விரல் விரித்து. ஓட்டுநர் உரிமமும் காப்பீட்டுத் தாளும் துப்பாக்கி இருக்கும் பக்கம் இருக்கவே கூடாது. கண்ணாடிக்கு மேலுள்ள மடக்கில் வையுங்கள். டெக்சஸில் துப்பாக்கி உரிமம் உள்ளவர் துப்பாக்கியோடு இருக்கும்போது காவலர் அடையாளம் கேட்டால், இரண்டு உரிமத்தையும் சேர்த்துக் காட்டவேண்டும். "என்னிடம் உரிமம் இருக்கிறது, துப்பாக்கி வலது இடுப்பில் இருக்கிறது, நான் என்ன செய்யவேண்டும்?" என்று நிதானமாகக் கேட்டுவிட்டு, அவர் சொல்லும்வரை கையை அசைக்காதீர்கள். 2016 ஜூலையில் மின்னசோட்டாவின் ஃபால்கன் ஹைட்ஸில் உரிமம் பெற்ற ஒருவர், துப்பாக்கி இருப்பதை மரியாதையாகச் சொன்ன சில நொடிகளில் காருக்குள்ளேயே சுட்டுக்கொல்லப்பட்டார். சுட்ட காவலர் மறு ஆண்டு விடுதலையானார். அது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். அநியாயம் என்று தெரிந்தே இதைச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் வீட்டுக்குத் திரும்பி வரவேண்டும்.

11. குறுக்கே புகுந்தவனுக்கும் ஹாரன் அடித்தவனுக்கும் துப்பாக்கி பதில் அல்ல. காட்டி மிரட்டுவதும் குற்றம்தான். வண்டி ஓடுகிறது என்றால் ஓட்டிக்கொண்டு விலகிப் போங்கள். அன்று வீட்டில் சண்டையிட்டுக் கோபத்தோடு கிளம்புகிறீர்களா, மனசு கனத்துக் கிடக்கிறதா? அன்றைக்குத் துப்பாக்கியைத் தொடாதீர்கள்.

12. கோடையில் காரின் உட்புறம் நெருப்பாய்க் கொதிக்கும். அந்தச் சூட்டில் தோட்டா தானாக வெடிக்காது. ஆனால் மாதக்கணக்கில் வேகும் தோட்டாவை நம்ப முடியாது, துப்பாக்கியின் எண்ணெயும் காய்ந்துபோகும், மின்பூட்டின் பேட்டரி ஓய்ந்து பெட்டி திறக்காமல் போகும். சாவி போட்டுத் திறக்கிற பூட்டே நல்லது. சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும், காரில் அல்ல.

13. துப்பாக்கியின் வரிசை எண், கம்பெனி, மாடல், வாங்கிய ரசீது ஆகியவற்றைப் படம் எடுத்து வீட்டில் வையுங்கள். திருடு போனால் வெட்கப்பட்டு ஒரு நாள்கூடத் தள்ளாமல் போலீஸில் புகார் கொடுங்கள். எண்ணைக் கொடுத்தால்தான் தேசியக் குற்றப் பதிவேட்டில் திருட்டுத் துப்பாக்கி என்று ஏறும். எண் தெரியாமல் கொடுக்கும் புகாரை வைத்து அதைக் கண்டுபிடித்துத் தருவது கடினம். உங்கள் துப்பாக்கியின் எண்ணை இன்னும் எழுதி வைக்கவில்லை என்றால், இன்று இரவு படுக்குமுன் எழுதிவையுங்கள்.