முதலில் ஒரு காய்ந்த குழாய்

ரேடியோ கன்ட்ரோலில் ஓடும் நீர்மூழ்கி செய்ய ஆசைப்பட்டு வருகிறவர்கள் முதல் நாளே ரெவெல் கம்பெனியின் 'டைப் 7சி' கிட்டைப் பற்றித்தான் கேட்பார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஓட்டிய நீர்மூழ்கியின் 1/72 அளவு மாடல் அது. ஒட்டி முடித்தால் மூன்றடிக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம் வரும். அருமையான கிட். வாங்கினால் இப்போதைக்குப் பரணில் ஏற்றி வைத்துவிடுங்கள் என்பேன். தண்ணீருக்குள் கிடந்தாலும் உள்ளே ஒரு சொட்டு ஈரம் ஏறாத ஒரு குழாயைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

ஏன் என்பது விசாகப்பட்டினம் கடற்கரைக்குப் போனால் புரியும். 1969இல் கடற்படையில் சேர்ந்து 2001இல் ஓய்வு பெற்ற ஐ.என்.எஸ். குர்சுரா அங்கே அருங்காட்சியகமாக நிற்கிறது. எல்லாரும் டிக்கெட் வாங்கியதும் உள்ளே ஏறிவிடுவார்கள். நீங்கள் கொஞ்ச நேரம் கீழேயே நின்று அதன் பக்கவாட்டைப் பாருங்கள். மேல்கூட்டில் வரிசையாகத் துளைகள் இருக்கும். முங்கும்போது தண்ணீர் உள்ளே போகவும், மேலே வரும்போது வடியவும் விட்ட வழி அது. ஆட்களும் இயந்திரங்களும் இருக்கும் உருளை உள்ளே தனியாக இருக்கிறது. மாடலுக்கும் இதே ஏற்பாடுதான். வெளிக்கூடு நனையட்டும். பேட்டரி, ரிசீவர், மோட்டார் எல்லாம் உள்ளே இருக்கும் உருளைக்குள் காய்ந்து இருந்தால் போதும். கிட்டின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே உள்ள ஒட்டை நீர்புகாமல் அடைக்க மெனக்கெடுவது வீண் வேலை.

குழாயின் அளவை முடிவு செய்யும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். 110 மி.மீ. விட்டமும் 50 செ.மீ. நீளமும் உள்ள மூடிய குழாய் 4.75 லிட்டர் தண்ணீரை விலக்கும். அது முங்க வேண்டுமென்றால் குழாயும் உள்ளே இருக்கும் சாமான்களும் சேர்ந்து ஏறத்தாழ 4.75 கிலோ இருந்தாக வேண்டும். சாமான்கள் ஒன்றரைக் கிலோகூட வராது. மிச்சத்துக்கெல்லாம் ஈயம் அடைத்தால் தூக்கவே முடியாது. அதுவே 75 மி.மீ. விட்டம், 40 செ.மீ. நீளம் என்றால் 1.77 கிலோவோடு கணக்கு முடிந்துவிடுகிறது. பெரிய குழாயில் இடம் தாராளமாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். உள்ளே சும்மா இருக்கிற காற்றுக்கெல்லாம் ஈயத்தால் விலை கொடுக்க வேண்டும்.

பி.வி.சி. குழாய் மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அதன் உள்விட்டம் துல்லியமாக இருக்காது, வட்டமும் லேசாகக் கோணியிருக்கும். அக்ரிலிக் குழாய் விலை கூடுதல் என்றாலும் நான் அதையே சொல்வேன். உள்ளே ஒரு துளி தண்ணீர் வந்தாலும் கண்ணுக்குத் தெரியும். ஒன்று கவனம்: அக்ரிலிக் பக்கத்தில் சூப்பர் க்ளூ, ஸ்பிரிட், தின்னர் எதையும் கொண்டு போகாதீர்கள். தலைமுடி போல விரிசல் ஓடிவிடும்.

இரண்டு முனை மூடிகளுக்கும் லேத் வேலை வேண்டும். இதில் கோயம்புத்தூர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். பம்பும் மோட்டாரும் செய்கிற ஊர் என்பதால் எந்த அளவு ஓ-ரிங்கும் ஆயில் சீலும் கடையில் தொங்கும். ஆவாரம்பாளையம், கணபதிப் பக்கம் லேத் பட்டறைகளும் நிறைய. வரைபடத்தை நீட்டினால், "பம்புக்குங்களா?" என்று கேட்டுவிட்டு, "ஓ-ரிங்கைக் கையோட கொடுத்துருங்க, அதை அளந்துட்டுத்தான் குரூவ் போடோணும்" என்பார் டர்னர். அவர் சொல்வது சரி. 3 மி.மீ. தடிமன் ஓ-ரிங் என்றால் மூடி பொருந்தியதும் அதற்கு மிஞ்சும் இடம் 2.4 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு அமுங்கினால்தான் அது தண்ணீரைத் தடுக்கும். மூடிக்கு நைலானை விட டெல்ரின் ராடு நல்லது. நைலான் தண்ணீரைக் குடித்துக் கொஞ்சம் ஊதும்.

மூடியில் ஒரு சின்ன காற்றுத் துளையும் அதை அடைக்க ஒரு ஸ்குரூவும் கேட்டு வாங்குங்கள். ஓ-ரிங்கில் சிலிகான் கிரீஸ் தடவி மூடியை உள்ளே அழுத்தும்போது அடைபட்ட காற்று எதிர்த்துத் தள்ளும். கையை எடுத்தால் மூடி மெதுவாக, கண்ணெதிரே, திரும்ப வெளியே வந்து நிற்கும். துளை திறந்திருந்தால் காற்று வெளியேறி மூடி பேசாமல் உட்காரும். பிறகு ஸ்குரூவை முடுக்கினால் ஆயிற்று. இரண்டு மூடிகளையும் 4 மி.மீ. மரையுள்ள கம்பிகளால் இழுத்துக் கட்டுவதும் அவசியம்.

அடுத்து சோதனை. பஞ்சர் கடையில் டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பது போலவேதான். அதே காற்றுத் துளையில் சைக்கிள் வால்வைப் பொருத்தி மூன்று பி.எஸ்.ஐ. வரை மட்டும் காற்றடியுங்கள். அது இரண்டு மீட்டர் ஆழத்து அழுத்தத்துக்குச் சமம், அதற்கு மேல் வேண்டாம். அந்த அழுத்தத்திலேயே 75 மி.மீ. மூடி மீது ஒன்பது கிலோ அளவுக்கு உந்துதல் இருக்கும், முகத்துக்கு நேராகப் பிடிக்காதீர்கள். அரை மணி நேரம் தண்ணீருக்குள் வைத்துப் பாருங்கள். குழாயின் வெளிப்புறத்தில் ஒட்டிய குமிழிகளை விரலால் துடைத்துவிட்டால் திரும்ப வராது. கசிவிலிருந்து வருகிற குமிழி ஒரே இடத்தில் விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கும்.

மோட்டார் தண்டு வெளியே வரும் இடம்தான் பலவீனமான இடம். பித்தளைக் குழாயின் இரு முனையிலும் புஷ், நடுவில் கெட்டியான கிரீஸ், உள்முனையில் ஒரு ஆயில் சீல் என்று வைத்தால் முதல் படகுக்குப் போதும்.

இனி படகு. தண்ணீரை உள்ளே ஏற்றிப் படகை முங்க வைக்கும் தொட்டியே முதல் படகில் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நின்றால் மிதக்கும், வேகமாக ஓடினால் சிறகுத் தட்டுகள் அதைக் கீழே அழுத்தும், மோட்டாரை நிறுத்தினால் தானாக மேலே வரும். அப்படி ஒன்றைச் செய்யுங்கள். படத்தில் பார்ப்பது போல நீர்மூழ்கி நடுத்தண்ணீரில் அசையாமல் நிற்கும் என்று நாம் நினைக்கிறோம். இயற்கை அதற்கு ஒத்துழைப்பதில்லை. அடிப்பக்கம் திறந்த தொட்டியில் இருக்கும் காற்று, ஒரு மீட்டர் இறங்கினாலே ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கும். சுருங்கினால் விலக்கும் தண்ணீர் குறையும், படகு கனமாகும், இன்னும் இறங்கும், இன்னும் சுருங்கும். மேலே ஏறும்போது இதே கதை தலைகீழாக நடக்கும். இந்தப் போக்கைக் கையால் சமாளிக்கப் பழக்கம் வேண்டும். பழகுகிற காலத்தில் படகு தொலையாமல் இருக்க வேண்டும்.

எடை பிடிப்பதை அவசரப்படாமல் செய்யுங்கள். ஈயம் எல்லாம் அடியில், கீல் ஓரமாக. மிதவைக்குத் தெர்மாகோல் வேண்டாம். மணிகளுக்கு நடுவே தண்ணீர் ஏறும், அழுத்தத்தில் நசுங்கும். மூடிய அறைகள் கொண்ட கெட்டியான எக்ஸ்.பி.எஸ். ஃபோம் நல்லது. அதை நீர்மட்டக் கோட்டுக்குச் சற்றே கீழே ஒட்ட வேண்டும். கோட்டுக்கு மேலே ஒட்டிய ஒவ்வொரு துண்டும் முங்க விடாமல் முரண்டு பிடிக்கும். கோபுரத்தின் உச்சி மட்டும் தெரிகிற அளவுக்கு, சுமார் முப்பது கிராம் மிதப்பு மிச்சம் இருந்தால் கச்சிதம்.

ரேடியோ விஷயத்தில் பணத்தை வீணாக்க வேண்டாம். இன்று கடையில் கிடைக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் செட் காற்றில் ஒரு கிலோமீட்டர் கூடப் போகும், தண்ணீரிலோ சில அங்குல ஆழத்திலேயே செத்துவிடும். அதிர்வெண் குறையக் குறையத்தான் அலை தண்ணீரை ஊடுருவும். அதனால்தான் ஐரோப்பாவில் 40, அமெரிக்காவில் 75 மெகாஹெர்ட்ஸ் செட்டுகளை நீர்மூழ்கிக்காரர்கள் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் குறைந்த சக்தியில் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம், பழைய 27 மெகாஹெர்ட்ஸ் செட் கிடைத்தால் விடாதீர்கள். தண்ணீரும் முக்கியம். உப்பு கூடக் கூட அலை எட்டும் ஆழம் குறையும். சிறுவாணித் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் நன்றாகக் கேட்கும் படகு, உப்பேறிய போர் தண்ணீரில் சீக்கிரமே காது கேளாமல் போகும். கடலை மறந்துவிடுங்கள்.

சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் வையுங்கள், படகு தானே மேலே வந்துவிடும். உருளையை மூடி வைத்து ஒருபோதும் சார்ஜ் போடாதீர்கள். லெட்-ஆசிட் பேட்டரி விடும் ஹைட்ரஜன் அடைபட்ட குழாயில் சேர்ந்தால், மோட்டாரின் ஒரு பொறி போதும். ஓட்டி முடித்ததும் மூடியைக் கழற்றி உலர விடுங்கள், உள்ளே ஒரு சிலிகா ஜெல் பொட்டலம் எப்போதும் கிடக்கட்டும்.

ஓட்டுவதற்குத் தோட்டத்துத் தொட்டியோ நீச்சல் குளமோ போதும், அடி தெரிகிற தண்ணீராக இருக்க வேண்டும். கிணறு வேண்டவே வேண்டாம். ஆரம்பத்தில் தூண்டில் நரம்பில் ஒரு தக்கையைக் கட்டி ஓட்டினால் படகு எங்கே இருக்கிறது என்று தெரியும். நரம்பு புரொப்பெல்லரில் சுற்றாமல் முன்பக்கம் கட்டுங்கள்.

கை பழகிய பிறகு படகுக்குள் தண்ணீர் ஏற்றும் தொட்டி வைக்கலாம். அதற்கும் மருந்துக் கடையில் கிடைக்கும் 60 மில்லி சிரிஞ்சு போதும். கியர் மோட்டாரும் ஒரு மரைக்கம்பியும் பிஸ்டனை இழுக்கும். முப்பது கிராம் மிதப்பு உள்ள படகு, பாதி சிரிஞ்சு தண்ணீர் குடித்தால் சமநிலைக்கு வரும், முழுக்கக் குடித்தால் இறங்கும். அதைப் படகின் எடை மையத்துக்கு நேராக வையுங்கள், இல்லையென்றால் முங்கும்போது மூக்கோ வாலோ சாயும். பிஸ்டன் பயணத்தின் இரு முனையிலும் லிமிட் ஸ்விட்ச் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் மோட்டார் பிஸ்டனை சிரிஞ்சை விட்டே இழுத்துவிடும், அந்த வாயால் தண்ணீர் நேராக உருளைக்குள் வரும்.