பாக்கிப் பட்டியலில் பெயர் விடுபடுவது ஏன்?



சிட்டையும் பேரேடும் இருந்த இடத்தில் இன்று கணினி இருக்கிறது. பில் போடுகிறோம், வரவு வைக்கிறோம், இருப்பு பார்க்கிறோம். மாதக் கடைசியில் 'யார் யார் எவ்வளவு பாக்கி?' என்று கேட்டால் ஒரு நொடியில் பட்டியல் வந்துவிடுகிறது. அந்தப் பட்டியல் சரிதானா என்று எத்தனை பேர் பார்க்கிறோம்? அதைப் பார்க்கும் முறையைத்தான் இந்தப் பாடத்தில் எடுத்துக்கொள்கிறோம்.

சிறு கடைகளுக்கான மென்பொருள்களில் சில, கணக்கை 'எஸ்க்யூலைட்' என்ற டேட்டாபேஸில் வைக்கின்றன. அமெரிக்காவைச் சேர்ந்த டி. ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000-ஆம் ஆண்டில் இதை வெளியிட்டார். இதற்கு உரிமக் கட்டணம் கிடையாது. தனியாக ஒரு சர்வர் கணினியும் தேவையில்லை. மொத்தக் கணக்கும் ஒரே கோப்பில் அடங்கிவிடும். நம் சட்டைப் பையில் உள்ள செல்போனுக்குள்ளும் இதுதான் வேலை செய்கிறது.

இதனிடம் கேள்வி கேட்கும் மொழிக்கு எஸ்.க்யூ.எல். என்று பெயர். அதன் சொற்களை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் தருகிறோம். கணினியில் ஆங்கில எழுத்திலேயே அடிக்க வேண்டும். நம்மில் பலர் இதை நேராக அடிக்கப் போவதில்லை. ஆனாலும் மென்பொருள் செய்து கொடுத்தவரிடமோ நம் கணக்கரிடமோ எதைக் கேட்க வேண்டும் என்பது முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வியில் வரும் கோளாறு இரண்டு வகை. ஒன்று, கணினியே 'பிழை' என்று சொல்லி நின்றுவிடுவது. அதனால் நஷ்டமில்லை, திருத்திக்கொள்ளலாம். மற்றொன்று, பிழை எதுவும் காட்டாமல் தவறான விடையை அழகாக அச்சடித்துக் கொடுப்பது. காசு போவது இந்த இரண்டாவது வகையில்தான்.

1. பணமே கட்டாதவர் பட்டியலில் வராமல் போவது

மூன்று கடைகளை வைத்துப் பார்ப்போம். அ கடைக்கு 10,000 ரூபாய்க்கு ஒரு பில். அவர் 4,000, 3,000 என இருமுறை கட்டியுள்ளார். பாக்கி 3,000. ஆ கடைக்கு 6,000 ரூபாய் பில், முழுவதும் கட்டிவிட்டார். இ கடைக்கு 8,000 ரூபாய் பில், ஒரு ரூபாயும் கட்டவில்லை. உண்மையான மொத்தப் பாக்கி 11,000 ரூபாய்.

இப்போது பில் அட்டவணையையும் வரவு அட்டவணையையும் 'ஜாயின்' என்ற சொல்லால் இணைத்து, பில் கூட்டுத்தொகையிலிருந்து வரவைக் கழிக்கச் சொன்னால் என்ன ஆகும்? அ கடைக்கு இரண்டு வரவு வரிகள் இருப்பதால் அவருடைய ஒரே பில் இரண்டு முறை ஏறும். பில் 20,000, வரவு 7,000, பாக்கி 13,000 என்று வரும். இ கடைக்கு வரவு வரியே இல்லை. வெறும் 'ஜாயின்' இரண்டு பக்கமும் உள்ளவரை மட்டுமே எடுக்கும். ஆகவே இ கடையின் பெயரே பட்டியலில் இராது.

மொத்தம் 13,000 என்று காட்டும். 11,000-க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லாததால் யாருக்கும் சந்தேகம் வராது. ஒழுங்காகக் கட்டி வரும் அ கடைக்காரரிடம் 10,000 கூடுதலாகக் கேட்டு மனக்கசப்பை வாங்குவோம். கட்டாத இ கடைக்காரரிடம் கேட்கவே மாட்டோம்.

சட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, தவணை பேசாமல் விற்ற சரக்கின் விலைக்கு வழக்குப் போட, சரக்கு கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுகள்தான் அவகாசம். இடையில் ஒரு பகுதி கட்டி, அதற்கு அவர் கையெழுத்தில் ஆதாரமும் இருந்தால் கெடு புதிதாகத் தொடங்கும். ஒன்றுமே கட்டாதவர் விஷயத்தில் அந்த வழியும் இல்லை. பட்டியலில் விடுபடுகிறவரும் அவரேதான்.

சரியான முறை இது. முதலில் கடைவாரியாகப் பில் கூட்டுத்தொகையைத் தனியே எடுக்க வேண்டும். பிறகு கடைவாரியாக வரவுக் கூட்டுத்தொகையைத் தனியே எடுக்க வேண்டும். அதன்பின் கடைகள் அட்டவணையை முதலில் வைத்து, இந்த இரண்டையும் 'லெஃப்ட் ஜாயின்' மூலம் இணைக்க வேண்டும். 'லெஃப்ட் ஜாயின்' இடப்பக்க அட்டவணையில் உள்ள எவரையும் விடாது. வரவு இல்லாத இடம் வெற்றாக வரும். 8,000-லிருந்து வெற்றைக் கழித்தால் விடையும் வெற்றுத்தான். எனவே 'கோயலெஸ்' என்ற சொல்லால் வெற்றை 0 ஆக்கிவிட்டுக் கழிக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. 'லெஃப்ட் ஜாயின்' போட்ட பிறகு, 'வேர்' நிபந்தனையில் வலப்பக்க அட்டவணையின் தேதியையோ தொகையையோ வைத்தால், வெற்றாக உள்ளவர்கள் மீண்டும் உதிர்ந்துவிடுவார்கள். அந்த நிபந்தனையை 'ஆன்' பகுதியில் வைக்க வேண்டும்.

2. வெற்றிடம் என்பது பூஜ்யம் அல்ல

ஒன்றும் எழுதாமல் விட்ட இடத்தை எஸ்க்யூலைட் 'நல்' என்கிறது. அது 0 அல்ல, எதற்கும் சமமும் அல்ல. 'ஊர் = நல்' என்று கேட்டால் ஒரு வரியும் வராது. 'ஊர் இஸ் நல்' என்றே கேட்க வேண்டும்.

நம்மிடம் 120 கடைகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். மதுரை 45, வெளியூர் 60, ஊர் எழுதாமல் விட்டவை 15. 'ஊர் மதுரை' என்று கேட்டால் 45 வரும். 'ஊர் மதுரை அல்ல' என்று கேட்டால் 75 வராது, 60 மட்டுமே வரும். அந்த 15 கடைகள் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஊர்வாரியாக வசூலுக்கு ஆள் அனுப்பினால் அந்தக் கடைகளின் வாசலை யாரும் மிதிக்க மாட்டார்கள்.

'நாட் இன்' என்ற சொல்லிலும் இதே ஆபத்து உண்டு. 'இந்தப் பட்டியலில் இல்லாதவர்கள் யார்?' என்று கேட்கும்போது, அந்தப் பட்டியலுக்குள் ஒரே ஒரு 'நல்' இருந்தாலும் ஒருவர் பெயரும் வராது. 'எல்லோரும் கட்டிவிட்டார்கள்' என்று நினைத்து நாம் நிம்மதியாக இருந்துவிடுவோம்.

3. எண்ணாகத் தெரியும் எழுத்து

எஸ்க்யூலைட் மிகவும் தாராளமானது. எண்ணுக்கென்று ஒதுக்கிய பத்தியிலும் எழுத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். வேறு கோப்பிலிருந்து கணக்கைக் கொண்டுவந்து ஏற்றும்போது '1,250' என்று காற்புள்ளியோடு தொகை வந்துவிட்டால் அதை எழுத்தாகவே வைக்கும். கூட்டச் சொன்னால் காற்புள்ளி வரை படித்து 1 என்று மட்டும் சேர்க்கும். 1,249 ரூபாய் சத்தமில்லாமல் குறையும். அதே வரி, '5,000-க்கு மேல் பாக்கி உள்ளவர்' என்ற கேள்வியில் உள்ளே வந்து நிற்கும். ஏனெனில் எழுத்து எந்த எண்ணையும்விடப் பெரியது என்பது அதன் விதி.

'டைப்ஆஃப்' என்ற சொல்லால் எந்த வரி எழுத்தாக உள்ளது என்று கண்டுபிடிக்கலாம். பிறகு 'ரீப்ளேஸ்' மூலம் காற்புள்ளியை நீக்கி, 'கேஸ்ட்' மூலம் எண்ணாக மாற்ற வேண்டும்.

வகுத்தலிலும் கவனம் தேவை. இரண்டும் முழு எண்ணாக இருந்தால் பின்னத்தை வெட்டிவிடும். 6,000 ரூபாய் விற்பனையில் 450 ரூபாய் லாபம் என்றால் 450 / 6000 * 100 என்பதற்கு விடை 0. அதையே 450 * 100.0 / 6000 என்று எழுதினால் 7.5 என்ற சரியான சதவீதம் வரும்.

பைசாக் கணக்கைப் புள்ளி வைத்து எழுதினால் நுண்ணிய வித்தியாசம் ஏற்படும். 0.1 + 0.2 = 0.3 தானா என்று கேட்டால் 'இல்லை' என்று சொல்லும். தொகை முழுவதையும் பைசாவாக, முழு எண்ணில் வைப்பதே உத்தமம்.

4. தேதியில் வரும் குழப்பம்

எஸ்க்யூலைட்டில் தேதிக்கென்று தனி வகை கிடையாது. பெரும்பாலும் எழுத்தாகவே வைக்கிறார்கள். நாம் வழக்கமாக எழுதும் முறையில் '31-01-2025', '05-04-2025' என்று வைத்தால், முதல் எழுத்தைப் பார்த்து 3 பெரியது, 0 சிறியது என்று வரிசைப்படுத்தும். ஜனவரி 31 ஏப்ரல் 5-க்குப் பின்னால் போய்விடும். வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் '2025-04-05' என்று வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

தேதியோடு நேரமும் சேர்ந்திருந்தால் மாதக் கடைசி நாள் விடுபடும். '2025-04-01 முதல் 2025-04-30 வரை' என்று கேட்டால் 30-ஆம் தேதி மாலை 6 மணி பில் வராது. 'மே 1-க்கு முன்' என்று கேட்பதே சரி. கடைசி நாளில்தான் பில் அதிகம் என்பது நாம் அறிந்ததே.

மேலும், 'இன்று' என்று கேட்டால் எஸ்க்யூலைட் உலகப் பொது நேரத்தைச் சொல்லும். அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கியது. பகல் நேரக் கடைகளுக்கு இது தெரியாது. கோயம்பேடு போன்ற காய்கறிச் சந்தைகளில் விடியற்காலை 3 மணிக்குப் போடும் பில்லுக்கு முந்தைய நாள் தேதி விழும். 'லோக்கல்டைம்' என்ற சொல்லைச் சேர்த்தால் நம் நேரம் வரும்.

5. ஒரே பெயர், இரண்டு கணக்கு

பெயரை ஒப்பிடும்போது எஸ்க்யூலைட் எழுத்துக்கு எழுத்து பார்க்கும். பெயரின் பின்னால் ஓர் இடைவெளி கூடுதலாக இருந்தாலும் வேறு ஆளாகக் கொள்ளும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபட்டாலும் அப்படியே. தமிழிலும் ஒரு சிக்கல் உண்டு. 'கொ' என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேர்த்து எழுத முடியும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. ஒரே கடைக்காரர் இரண்டு பேராகிவிடுவார். பில் ஒரு பெயரிலும் வரவு மறு பெயரிலும் ஏறும்.

இதற்கு ஒரே வழி, கடைக்கு ஓர் எண் கொடுத்து எல்லா அட்டவணையையும் அந்த எண்ணால் இணைப்பதுதான். பெயர் படிப்பதற்கு மட்டுமே இருக்க வேண்டும்.

6. 'பூட்டியுள்ளது', 'தாமதம்' என்னும் இரண்டு

'டேட்டாபேஸ் இஸ் லாக்டு' என்று வந்தால் பயப்பட வேண்டாம். எஸ்க்யூலைட்டில் பலர் ஒரே நேரத்தில் படிக்கலாம், ஆனால் ஒருவர்தான் எழுத முடியும். சொல்லி வைக்காவிட்டால் காத்திருக்காமல் உடனே மறுத்துவிடும். 'பிஸி டைம்அவுட்' 5000 என்று வைத்தால் 5 விநாடி காத்திருக்கும். கோப்பை நெட்வொர்க்கில் பகிர்ந்து பல கணினிகள் நேராகத் திறப்பது கூடாது, கோப்பே கெட்டுவிடக்கூடும்.

விடை வரத் தாமதமானால் கேள்விக்கு முன் 'எக்ஸ்ப்ளெய்ன் கொயரி ப்ளான்' என்று சேர்த்துக் கேளுங்கள். 'ஸ்கேன்' என்று காட்டினால் பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டுகிறது என்று பொருள். தேடும் பத்திக்கு 'இண்டெக்ஸ்' போட்டால் 'சர்ச்' என்று மாறி, பக்கத்தை நேராகத் திறக்கும்.

முதலாளி செய்ய வேண்டிய சோதனை

எந்தப் பட்டியல் வந்தாலும் வசூலுக்கு ஆள் அனுப்புமுன் மூன்று காரியம் செய்யுங்கள்.

முதலாவது, தலை எண்ணுங்கள். கடைகள் அட்டவணையில் எத்தனை, பட்டியலில் எத்தனை? குறைந்தால் விடுபட்டவர் யார் என்று கேளுங்கள்.

இரண்டாவது, கூட்டுத்தொகையைப் பாருங்கள். மொத்தப் பில்லை மட்டும் தனியே கூட்டச் சொல்லுங்கள். மொத்த வரவை மட்டும் தனியே கூட்டச் சொல்லுங்கள். இரண்டின் வித்தியாசமும் பட்டியலின் அடித்தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, நன்றாகத் தெரிந்த மூன்று கடைகளைக் கையால் சரிபாருங்கள். பலமுறை கட்டியவர் ஒருவர், முழுதும் கட்டியவர் ஒருவர், ஒன்றுமே கட்டாதவர் ஒருவர். இந்த மூவரும் சரியாக வந்தால் இணைப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

புதிய கேள்விகளை எப்போதும் கோப்பின் நகலில் கேட்டுப் பார்க்கவும். மென்பொருளை முழுவதும் மூடிய பிறகே நகல் எடுக்கவும். திறந்திருக்கும்போது கடைசியாகப் பதிந்தவை பக்கத்தில் 'வால்' என்று முடியும் வேறொரு கோப்பில் இருக்கக்கூடும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். பேரேடு எழுதிய காலத்தில் கூட்டுத்தொகை இடிக்காமல் கணக்கை மூடியதில்லை. அந்தப் பழக்கத்தைக் கணினி வந்ததற்காக விட வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தை உங்கள் கணக்கரிடம் கொடுங்கள். இந்த மாதப் பாக்கிப் பட்டியலை எடுத்து, முதலில் தலை எண்ணச் சொல்லுங்கள்.