சிறிய தட்டும் நிறைவான வாழ்வும்

உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை பெற்று வீடு திரும்பியவரிடம் உறவினர் முதலில் கேட்பது, "நன்றாகச் சாப்பிட்டீர்களா?" என்பதே. அன்பினால் எழும் அக்கேள்வியே சிலருக்குச் சுமையாகிவிடுவதை, மறுபரிசோதனைக்கு வருவோரிடம் நாங்கள் காண்கிறோம்.

இந்தச் சிகிச்சையில் பெரும்பாலும் உணவுக்குழாயின் பெரும்பகுதி அகற்றப்படுகிறது. இரைப்பை ஒரு குழாய்போல் அமைக்கப்பட்டு, மேலே கொண்டுவரப்பட்டு, எஞ்சிய பகுதியுடன் இணைக்கப்படுகிறது. எனவே முன்போல் உணவைத் தேக்கிவைக்க அங்கே இடமில்லை. சில கவளங்களிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது. அவர் தட்டை ஒதுக்குவது பிடிவாதத்தினால் அன்று.

ஆதலால், மூன்று வேளை உணவை ஆறு சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுங்கள். இட்லி, குழைந்த சாதம், பருப்பு, முட்டை, தயிர் போன்ற மென்மையான உணவுகளை மெதுவாக, நன்கு மென்று உண்ண வேண்டும். நீரை உணவோடு மிகுதியாக அருந்தாமல், உணவுக்கு இடைப்பட்ட நேரத்தில் அருந்துவது நல்லது. பாயசம் போன்ற மிகு இனிப்புகள் விரைந்து குடலில் இறங்கி, படபடப்பு, வியர்வை, தலைசுற்றல், வயிற்றுப்போக்கு ஆகியவற்றை உண்டாக்கலாம். உணவு மேலேறுவதைத் தடுக்கும் இயற்கையான அமைப்பு இப்போது இல்லாததால், உண்டவுடன் படுக்கலாகாது; தலைப்பக்கத்தை உயர்த்தியே உறங்க வேண்டும்.

இந்நோயாளிகளின் வாழ்க்கைத்தரத்தை அளக்க ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உருவாக்கிய வினாத்தாளில் 18 வினாக்கள் உள்ளன. விழுங்குதல், வலி, சுவை, இருமல் ஆகியவற்றோடு, பிறர் முன்னிலையில் உண்பது கடினமாக உள்ளதா என்பதும் அவற்றுள் ஒன்று. அவ்வினா மிகப் பொருத்தமானது. இருமலுக்கும் ஏப்பத்துக்கும் கூசி, திருமணப் பந்தியைத் தவிர்ப்போரும், வீட்டிலேயே தனித்து உண்போரும் உண்டு. உடல் தேறினாலும் அவர்கள் மனம் வாடுகிறது.

குடும்பத்தாரிடம் நாங்கள் வேண்டுவது இதுவே: சிறிய தட்டில் சிறிதளவு பரிமாறி, அவரை உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். "இன்னும் ஒரு வாய்" என்று வற்புறுத்தாதீர்கள். பாதியில் எழுந்தாலும் காரணம் கேளாதீர்கள்.

உணவு மீண்டும் தொண்டையிலோ மார்பிலோ சிக்கினாலும், வாந்தி தொடர்ந்தாலும், எடை குறைந்துகொண்டே வந்தாலும் காத்திராமல் மருத்துவரிடம் வாருங்கள். இணைப்புப் பகுதி சுருங்கியிருந்தால், பெரும்பாலும் உள்நோக்கிக் கருவி மூலமாகவே அதனை விரிவாக்க இயலும்.

முதல் சில மாதங்கள் கடினமானவை. பின்னர்ப் பலர் படிப்படியாகத் தேறுகின்றனர். உண்ணும் அளவு குறைந்திருக்கலாம். குடும்பத்தோடு அமர்ந்து உண்ணும் இடம் குறைய வேண்டியதில்லை.