பழைய லேப்டாப்பிலேயே ப்ரோகிராமிங் படிக்கலாம்

பிள்ளை கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்ந்ததும் பல வீடுகளில் முதல் பெரிய செலவு லேப்டாப்தான். "16 ஜிபி இல்லாமல் முடியாது" என்று யாரோ சொல்ல, நகையை அடகு வைத்தாவது வாங்கிவிடுகிறோம். அதற்கு முன் இந்தப் பாடத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள்.

ப்ரோகிராம் எழுதும் செயலிக்கு கோட் எடிட்டர் என்று பெயர். மைக்ரோசாஃப்ட் 2015-ல் அறிமுகப்படுத்திய விஎஸ் கோட் இலவசம். அதை இயக்க 1 ஜிபி நினைவகம் போதும் என்று அந்நிறுவனமே சொல்கிறது. கம்ப்யூட்டரைத் திணறடிப்பவை அதனுடன் ஓடும் டேட்டாபேஸ், சர்வர் போன்றவை. 2019 மே மாதம் வந்த ரிமோட் வசதி இரண்டையும் பிரித்துவிட்டது. எழுதுவது நம் வீட்டில். ஓடுவது எங்கோ இருக்கும் சர்வரில்.

அடுத்து கன்டெய்னர். கல்யாண வீட்டுக்கு வரும் பண்டாரி நம் வீட்டுப் பாத்திரத்தை நம்பியா வருகிறார்? தேக்சாவும் கரண்டியும் அவரே கொண்டுவருவார். எந்தத் தெருவில் சமைத்தாலும் ருசி மாறாது. ப்ரோகிராமுக்கு வேண்டிய மொழிப் பதிப்பு, லைப்ரரி எல்லாவற்றையும் ஒரே கட்டாக வைத்திருப்பதுதான் கன்டெய்னர். என்னென்ன வேண்டும் என்பதை 'டெவ்கன்டெய்னர்.ஜேசன்' என்ற சிறு கோப்பில் எழுதிவைத்தால், எடிட்டர் அதைப் படித்துத் தானே தயார் செய்யும். "என் கம்ப்யூட்டரில் ஓடிச்சே சார்" என்ற பேச்சுக்கு இடமில்லை.

4 ஜிபி லேப்டாப்பில் டாக்கர் போட்டுக் கன்டெய்னரை ஓட்டுவது சிரமம். அதனால் கிட்ஹப் கோட்ஸ்பேசஸைப் பயன்படுத்தலாம். கிட்ஹப்பில் கணக்குத் தொடங்கி, உங்கள் ப்ராஜெக்ட் பக்கத்தில் பச்சை நிற 'கோட்' பொத்தானை அழுத்தி 'கோட்ஸ்பேசஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பிரவுசரிலேயே விஎஸ் கோட் திறக்கும். தனிநபர் கணக்குக்கு மாதம் 120 கோர் மணி இலவசம். 2 கோர் இயந்திரம் என்றால் 60 மணி, அதாவது தினமும் 2 மணி நேரம். முதலாண்டு மாணவருக்கு இது தாராளம். இந்த இலவச அளவுக்கு வங்கி அட்டை எண் கொடுக்க வேண்டியதில்லை.

வேலை முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். சும்மா விட்டால் தானாக நிற்க 30 நிமிடம் ஆகும், அதுவும் கணக்கில் சேரும். 30 நாள் தொடாமல் இருந்தால் அழிந்துபோகும். ஆகவே அன்றன்று எழுதியதை 'கமிட்' செய்து 'புஷ்' செய்வது கட்டாயம். இடையில் கரண்ட் போனாலும் வேலை சர்வரில் பத்திரமாக இருக்கும். ஆனால் இன்டர்நெட் இல்லாமல் எதுவும் நடக்காது. போன் ஹாட்ஸ்பாட் போதும்.

இதெல்லாம் பெரிய ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் என்று நினைக்க வேண்டாம். நம் தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் 2011 முதல் அலுவலகம் நடத்துகிறது. உலகெங்கும் பயன்படும் மென்பொருளுக்கான வேலை அந்தக் கிராமத்திலிருந்தே நடக்கிறது.

ஆண்ட்ராய்டு ஆப் செய்து எமுலேட்டரில் சோதிக்க வேண்டிய பிள்ளைக்கு மட்டும் இந்த வழி போதாது. அதற்கு நல்ல லேப்டாப்பே தேவை. முதல் ஆண்டில் அது வேண்டுமா என்பதைக் கல்லூரி ஆசிரியரிடம் கேட்டுவிட்டு அடகுக் கடைக்குப் போகலாம்.