நுண்ணுயிரிப் பொறியியல்: வேலை வாங்கித் தரும் மூன்று எண்கள்

பெட்ரோலியத்திலிருந்து எடுத்துவந்த வேதிப்பொருள்களைச் சர்க்கரை தின்னும் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் இன்று செய்து தருகின்றன. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள லௌடன் ஆலை 2006 முதல் இப்படித்தான் இயங்குகிறது. மரபணு மாற்றிய ஈ. கோலை அங்கே மக்காச்சோளச் சர்க்கரையைப் புரோப்பேன்டையாலாக மாற்றுகிறது. அதிலிருந்து கம்பளத்துக்கும் துணிக்கும் இழை வருகிறது. இந்தியாவிலும் இவ்வகை உற்பத்தியை வளர்க்க, 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ‘பயோ இ3’ கொள்கைக்கு ஒப்புதல் தந்தது.

பயோடெக் மாணவர்கள் பலர் மரபணுவை வெட்டி ஒட்டக் கற்றால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் கதையைப் பாருங்கள். அதன் மூலப்பொருளைச் சுரக்கும் ஈஸ்ட்டை அமெரிக்க விஞ்ஞானி ஜே கீஸ்லிங்கின் குழு 2006-ல் அறிவித்தபோது லிட்டருக்குக் கிடைத்தது சுமார் 100 மில்லிகிராம். 2013-ல் அது 25 கிராம் ஆனது. சனோஃபி நிறுவனம் உற்பத்தியைத் தொடங்கியது. ஆனால் செடியிலிருந்து எடுக்கும் மருந்தின் விலை சரிந்ததால், 2015-ல் அந்த உற்பத்தி நின்றது. அறிவியல் வென்றும் கணக்கு இடித்தது.

எனவே நிறுவனங்கள் மூன்று எண்களைக் கேட்கும். லிட்டருக்கு எத்தனை கிராம் (டைட்டர்)? மணிக்கு எவ்வளவு (ரேட்)? போட்ட சர்க்கரையில் எத்தனை பங்கு பொருளானது (யீல்டு)?

என்ன கற்க வேண்டும்?

• ஆய்வகம்: பிசிஆர், குளோனிங், கிரிஸ்பர். ஒவ்வொரு சோதனையையும் அன்றன்றே குறிப்பேட்டில் பதியுங்கள்.

• பெர்மென்டர்: குடுவையில் நன்றாக வளரும் ஈஸ்ட் பெரிய தொட்டியில் திணறும். ஆக்சிஜன் எல்லா இடத்துக்கும் சீராகப் போகாது, வெப்பமும் எளிதில் வெளியேறாது. பிஎச், கரைந்த ஆக்சிஜன், சர்க்கரை ஊட்டும் வேகம் ஆகியவற்றைக் கையாளத் தெரிந்தவர்களுக்கு நிறுவனங்களில் தேவை அதிகம். கோடை விடுமுறையில் பெர்மென்டர் இருக்கும் இடத்தில் பயிற்சி தேடுங்கள்.

• பிரித்தெடுத்தல்: தொட்டியில் உருவான பொருளைத் தூய்மையாக்கும் செலவு பல சமயம் லாபத்தையே தின்றுவிடும். வடிகட்டல், குரோமட்டோகிராபி இரண்டும் கைவசம் இருக்கட்டும்.

• கணக்கு: பைத்தானில் தரவை ஆராயவும், ஒரு கிலோ தயாரிக்க ஆகும் செலவைக் கணிக்கவும் பழகுங்கள்.

• விதிமுறை: மரபணு மாற்றிய உயிரியைக் கையாளும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உயிரிப் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். இதைச் சொல்லும் 1989-ஆம் ஆண்டு இந்திய விதிகளைப் படித்துவிடுங்கள்.

எப்படி நுழைவது?

முதுகலைக்கு ஜி.ஏ.டி.-பி, கேட் தேர்வுகள் உண்டு. கெமிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர்களுக்கும் இங்கே நல்ல இடம் இருக்கிறது. தொட்டியின் கணக்கு அவர்கள் பாடம். கல்லூரியில் குழு அமைத்து செயற்கை உயிரியலுக்கான ஐஜெம் சர்வதேசப் போட்டியில் சேரலாம். சொந்த யோசனை இருந்தால், மத்திய அரசின் பைராக் அமைப்பு நடத்தும் ‘பிக்’ திட்டம் 50 லட்சம் ரூபாய் வரை நிதி தருகிறது.

நேர்காணலில் “ஈஸ்ட்டில் வேலை செய்தேன்” என்று நிறுத்திவிடாதீர்கள். எத்தனை கிராமில் தொடங்கி எத்தனைக்கு உயர்த்தினீர்கள், எந்த மாற்றம் அதைச் செய்தது என்று சொல்லுங்கள். இறுதியாண்டு புராஜெக்டைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்த மூன்று எண்களையும் அளக்க வழி இருக்கிறதா என்று வழிகாட்டிப் பேராசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.