படம் உள்ளதைச் சொல்லட்டும்: கேமரா, லென்ஸ் பற்றி ஒரு பாடம்



அரக்குச் சிவப்பில் ஒரு சுங்குடிச் சேலை. வீட்டுக்குள் குண்டு பல்பு வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். படத்தில் அது செங்கல் நிறமாகத் தெரிகிறது. அந்த நிறம் பிடித்துப்போய் ஒருவர் பணம் போடுகிறார். சேலை கைக்குப் போனதும், "நான் கேட்டது இது இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். அவரும் பொய் சொல்லவில்லை, நாமும் பொய் சொல்லவில்லை. போகவர கூரியர் செலவு மட்டும் குழுக் கணக்கில் ஏறுகிறது.

நாங்கள் கூட்டங்களுக்கு வரும்போது இந்தப் பேச்சு அடிக்கடி வருகிறது. "போன் சரியில்லை மேடம், நல்ல போன் வாங்க உள்கடன் தரலாமா?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் போனில் குறை இருப்பதில்லை. எந்த வெளிச்சத்தில், எவ்வளவு தூரத்தில், எந்த லென்ஸில் எடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ள ஒரு பைசா செலவில்லை.

"நமக்கெல்லாம் இது வருமா?" என்று தயங்க வேண்டாம். அகமதாபாத்தில் சேவா அமைப்பைச் சேர்ந்த பெண்கள் 1984-ஆம் ஆண்டிலேயே வீடியோ கேமரா பழகினார்கள். காய்கறி விற்றவர்களும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். அதற்கும் முன்னால், 1947-ல் நாடு சுதந்திரம் அடைந்த நாட்களை டெல்லியில் படம் பிடித்தவர்களில் ஹோமாய் வியாரவாலா என்ற பெண்ணும் ஒருவர். சேலை கட்டிக்கொண்டு, கனமான கேமராவைச் சுமந்துகொண்டு அலைந்தவர் அவர். நம் கையில் இருக்கும் போன் கால் கிலோகூட இருக்காது.

சரி, பாடத்துக்கு வருவோம். கேமராவுக்குள் எவ்வளவு வெளிச்சம் போகிறது என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன. ஒன்று, லென்ஸில் உள்ள துளை. இன்னொன்று, அது திறந்திருக்கும் நேரம். உள்ளே போன வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்பது மூன்றாவது. அதற்கு ஐ.எஸ்.ஓ. என்று பெயர்.

துளையை எஃப் 2, எஃப் 4, எஃப் 8 என்று எண்ணால் குறிப்பார்கள். எண் பெரிசானால் துளை சிறிசு. முதலில் எல்லோருக்கும் குழப்புவது இதுதான். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் துளையின் அகலம் 25 மி.மீ.; எஃப் 8 என்றால் சுமார் 6 மி.மீ. அதாவது 50-ஐ அந்த எண்ணால் வகுக்கிறோம், அவ்வளவுதான். துளை சிறிதானால் வெளிச்சம் குறையும். ஆனால் அதில் ஒரு லாபமும் உண்டு. ஊசியில் நூல் கோர்க்கும்போது கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்கிறோமே, ஏன்? இடுக்கினால் கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது. லென்ஸும் அப்படித்தான். சின்னத் துளையில் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் சேர்ந்து தெளிவாக விழும். பெரிய துளையில் ஃபோகஸ் செய்த பொருள் மட்டும் தெளிவாக இருக்கும், பின்னால் உள்ள சுவரும் துணிக்கொடியும் மங்கிவிடும்.

நேரத்தை விநாடியின் பங்கில் சொல்வார்கள்: 60-ல் ஒரு பங்கு, 125-ல் ஒரு பங்கு, 500-ல் ஒரு பங்கு என்று. பிள்ளைகள் ஓடும்போது எடுத்தால் 500-ல் ஒரு பங்காவது வேண்டும். இல்லாவிட்டால் கை கால் எல்லாம் இழுபடும். 50 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்கும்போது 60-ல் ஒரு பங்குக்கு மேல் நேரம் நீண்டால் நம் கை நடுக்கமே படத்தில் தெரிய ஆரம்பிக்கும். டியூப் லைட் வெளிச்சத்தில் இன்னொரு தொல்லை. நம் ஊர் மின்சாரத்தில் அது விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. மலிவான எல்.இ.டி. விளக்குகளும் இப்படித்தான். நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் நேரத்தை 100-ல் அல்லது 50-ல் ஒரு பங்காக வைத்துப் பாருங்கள்.

ஐ.எஸ்.ஓ.வைத் திருவிழா மைக் செட்டோடு ஒப்பிடலாம். சத்தத்தைக் கூட்டக் கூட்டப் பேச்சோடு இரைச்சலும் சேர்ந்து கூடும். ஐ.எஸ்.ஓ. 100, 200-ல் படம் வழவழப்பாக இருக்கும். 3200, 6400 என்று ஏற்றினால் மணல் தூவியது போலப் புள்ளிகள் வரும்.

இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுப்பவை. துளையை எஃப் 4-இலிருந்து 5.6-க்குக் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும். அதை ஈடுகட்ட நேரத்தை இரண்டு மடங்காக்கலாம், அல்லது ஐ.எஸ்.ஓ.வை 200-இலிருந்து 400 ஆக்கலாம். எதை விட்டுக்கொடுப்பது என்பது எடுக்கும் பொருளைப் பொறுத்தது. ஓரிடத்தில் இருக்கும் கூடைக்கு நேரத்தை நீட்டிப் போனை எதன் மேலாவது சாய்த்து வைக்கலாம். ஓடும் பிள்ளைக்கு அது ஆகாது.

போன்களில் பெரும்பாலும் துளையை மாற்ற முடியாது. நேரத்தையும் ஐ.எஸ்.ஓ.வையும் போனே முடிவு செய்துகொள்ளும். நம் கையில் இருப்பது திரையில் வரும் சூரியக் குறி. பொருளின் மேல் விரலால் ஒரு முறை தொட்டால் அது தோன்றும். தள்ளினால் வெளிச்சம் கூடும், குறையும். இதைக் கட்டாயம் பழகுங்கள். ஏனென்றால் எல்லாம் நடுத்தர நிறத்தில் இருக்கும் என்று நினைத்துத்தான் கேமரா வெளிச்சத்தை அளக்கிறது. வெள்ளைத் துணியில் அப்பளத்தைப் பரப்பி எடுத்தால் பழுப்படித்துப் பழைய சரக்கு மாதிரித் தெரியும். அப்போது வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். கருப்பட்டியை எடுத்தால் வெளிறிப்போகும். அப்போது குறைக்க வேண்டும்.

நிறத்துக்கு எங்கள் யோசனை இதுதான்: விளக்கை எல்லாம் அணைத்துவிட்டுத் திண்ணைக்கு வாருங்கள். நேர் வெயில் படாத, வானத்து வெளிச்சம் நன்றாக வரும் நிழல் போதும். ஒரு பக்கம் பல்பு, ஒரு பக்கம் ஜன்னல் என்று கலந்தால் எந்தக் கேமராவுக்கும் திண்டாட்டம்தான். நீலத் தார்ப்பாயின் கீழ் எடுத்தால் வெள்ளைச் சேலையும் நீலம் பூசிக்கொள்ளும். பச்சைச் சுவர் பக்கத்தில் எடுத்தால் பச்சை ஏறும். எடுத்தபின் சேலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படத்தைப் பாருங்கள். முடிந்தால் இன்னொருவர் போனிலும் பாருங்கள். நிறம் ஒத்துப்போனால் மட்டும் அனுப்புங்கள்.

இப்போது லென்ஸ். போனின் முக்கியமான லென்ஸ் அகலமாகப் பார்க்கக்கூடியது. அதனால் பொருள் படத்தில் பெரிசாக வர வேண்டும் என்று நாம் கிட்டே போய்விடுகிறோம். கிட்டே போனால் அருகில் உள்ளது மிகப் பெரிசாகவும், சற்றுத் தள்ளி உள்ளது சிறிசாகவும் விழும். பனை ஓலைக் கூடையை மேலிருந்து கிட்டத்தில் எடுத்துப் பாருங்கள். வாய் அகன்று அடி சிறுத்து, புனல் மாதிரி இருக்கும். முகத்தை எடுத்தால் மூக்கு பெருத்துவிடும். குழுப் படத்தில் ஓரத்தில் நிற்பவர்கள் குண்டாகத் தெரிவதும் அகல லென்ஸின் வேலைதான். நான்கு எட்டு பின்னால் போய், 2 எக்ஸ் என்பதைத் தொட்டு எடுங்கள். உருவம் சரியாக வரும். போனில் அதற்கென்று தனி லென்ஸ் இருந்தால் தெளிவும் குறையாது. இல்லாத போன் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கித் தருகிறது. 2 எக்ஸ் வரை பரவாயில்லை. விரலால் 8, 10 என்று இழுத்தால் படம் கஞ்சி மாதிரி ஆகிவிடும்.

பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் வசதியை விற்பனைப் படத்துக்கு நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. அதைச் செய்வது லென்ஸ் இல்லை, போனுக்குள் இருக்கும் கணக்கு. கூடைப் பிடியையும், முறுக்கின் முள்ளையும் சேர்த்து மங்கலாக்கிவிடும்.

கறவை மாடு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மாட்டுக் காப்பீட்டில் காது வில்லை எண் முக்கியம். மாட்டையும் எண்ணையும் ஒரே படத்தில் எடுத்துவிட்டு அது போதும் என்று இருந்துவிடக் கூடாது. முழு மாடு ஒரு படம், காது வில்லை தனிப் படம். போனை வில்லைக்கு ஒட்டினாற்போல் கொண்டுபோனால் ஃபோகஸ் ஆகாது. ஒரு முழம் தள்ளி நின்று, 2 எக்ஸ் வைத்து, வில்லையின் மேல் தொட்டு எடுங்கள். 12 இலக்கமும் வாசிக்க முடிகிறதா என்று அங்கேயே பெரிதாக்கிப் பாருங்கள்.

பெரிய கேமரா வாங்கக் கடன் கேட்பவர்களுக்கு வெளிப்படையாகச் சொல்கிறோம். அப்பளம், சேலை, கூடை விற்கப் போனே போதும். ஆனால் வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு விழா, காதுகுத்துக்குப் படம் எடுத்துத் தருவதைத் தொழிலாகச் செய்ய நினைத்தால் கேமரா தேவைதான். பெண்கள் கூடும் இடத்தில் பெண் போட்டோகிராபர் வந்தால் பலருக்கும் கூச்சம் இருக்காது. கேமராவைப் பழையதாக வாங்கலாம்; மிச்சப்படும் பணத்தை லென்ஸில் போடுங்கள். கேமராவோடு வரும் 18–55 மி.மீ. லென்ஸ் பகலுக்குப் போதும். மண்டபத்துக்குள் வெளிச்சம் குறைவு என்பதால் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் கைகொடுக்கும். விலை குறைவான லென்ஸ்களில் அதுவும் ஒன்று. ஆனால் அதில் ஜூம் கிடையாது, நாம்தான் முன்னும் பின்னும் நடக்க வேண்டும். ஒரு கம்பெனி லென்ஸ் இன்னொரு கம்பெனி கேமராவில் பெரும்பாலும் நேரடியாகப் பொருந்தாது. பழைய லென்ஸை வாங்குமுன் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நூலாம்படை போல வெள்ளை இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு நான்கு படம் எடுத்து வாருங்கள். பொருள் ஒன்றே இருக்கட்டும், ஒரு குடமோ கூடையோ. கிட்டத்தில் ஒன்று, நான்கு எட்டு தள்ளி 2 எக்ஸில் ஒன்று. பல்பு வெளிச்சத்தில் ஒன்று, திண்ணை நிழலில் ஒன்று. பொருளையும் கையோடு கொண்டுவாருங்கள். பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.